அம்மாவின் நினைவுக் குதிர்

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். புத்தகப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். கதவைத் திறந்த அம்மா உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருய்யா நீ? யாரைப் பாக்கணும்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பீர்கள். அம்மா சிரிக்கவில்லை என்றால்?

இது கதையன்று, நண்பர்களே. எனக்கு நடந்தது. கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நான் மருத்துவ விஷயத்தைப் பற்றி எழுத வந்ததற்கும் அதுவே காரணம்.

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் தளவாய்புரம். தெருவுக்குத் தெரு தையல் மிஷின் சத்தம் கேட்கும் ஊர். இங்கே தைக்கும் நைட்டிகள் வெளி மாநிலங்களுக்கெல்லாம் போகின்றன. என் அம்மாவும் வெட்டிய துணியைக் கட்டாக வாங்கி வந்து, வீட்டிலேயே தைத்து, டஜன் கணக்கில் எண்ணிக் கொடுத்துக் கூலி வாங்கியவர். அந்தக் கூலியில்தான் நான் எம்.எஸ்ஸி. படித்தேன். கணக்கில் அம்மா தவறியதே இல்லை.

முதலில் தவறியது அந்த எண்ணிக்கைதான். டஜனுக்குப் பத்து இருந்தது. இன்னொரு நாள் பதினான்கு இருந்தது. பிறகு பாபின் உப்பு ஜாடிக்குள் கிடந்தது. ஊருக்குப் போனால், "எப்பய்யா வந்தே?" என்று கேட்பார். பதில் சொல்லி ஐந்து நிமிடம் ஆகாது, மறுபடியும் அதே கேள்வி, அதே பாசத்தோடு. "வயசானா அப்படித்தான்" என்றார்கள் பக்கத்து வீட்டார். செய்வினை என்றார் ஒரு பெரியப்பா. தாயத்துக் கட்டினோம். ஓர் ஆண்டு இப்படியே வீணாயிற்று. விஞ்ஞானம் படித்த நான் அந்த ஓர் ஆண்டு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நானும் வயசு என்றுதான் நினைத்தேன்.

சரி, இந்த நோயின் கதை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம்.

1901-ஆம் ஆண்டு நவம்பர் 25. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலுள்ள மனநோய் மருத்துவமனைக்கு ஒரு பெண்மணியைக் கொண்டு வந்தார்கள். பெயர் ஔகுஸ்த டேட்டர். வயது 51. ரயில்வே குமாஸ்தாவின் மனைவி. ஒரு பெண்ணுக்குத் தாய். வீட்டைச் சீராக நடத்திவந்தவர், சில மாதங்களாகச் சமையலில் தவறினார். பொருள்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார். காரணமின்றிக் கணவரைச் சந்தேகித்தார். அவரைப் பரிசோதித்தவர் 37 வயது டாக்டர் அலோய்ஸ் அல்சைமர்.

டாக்டர் கேட்ட கேள்விகளையும் நோயாளி சொன்ன பதில்களையும் அப்படியே எழுதி வைத்தார். பெயர் என்ன? ஔகுஸ்த. குடும்பப் பெயர்? ஔகுஸ்த. கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்து, அதுவும் ஔகுஸ்த. பென்சில், சாவி போன்ற பொருள்களைக் காட்டினால் பெயரைச் சரியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. பெயரை எழுதச் சொன்னால், திருமதி என்பதற்குரிய சொல்லை எழுதிவிட்டு மேலே எழுத மறந்து நின்றார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னார் என்றும் அந்தக் குறிப்புகள் கூறுகின்றன. இதைவிடத் துல்லியமாக இந்த நோயை எந்தப் பாடநூலும் விவரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

1906 ஏப்ரல் 8-ஆம் தேதி ஔகுஸ்த இறந்தார். அப்போது மியூனிக் நகருக்கு மாறிப்போயிருந்த அல்சைமர், அவருடைய மூளையை வரவழைத்தார். அதை மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளி உப்பைக் கொண்டு சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். புகைப்படச் சுருளில் படம் விழச் செய்வதும் வெள்ளி உப்புத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே அதே வெள்ளி நரம்புச் செல்களைக் கறுப்பாக எடுத்துக் காட்டியது. இரண்டு விந்தைகளை அவர் கண்டார். செல்களுக்கு வெளியே பொட்டுப் பொட்டாக ஏதோ படிந்திருந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கிக்கொண்டது போன்ற முடிச்சுகள் இருந்தன.

அந்த ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை விவரித்தார். கூட்டத்தில் ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! 1910-இல் கிரேப்பெலின் என்ற பேராசிரியர் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். 1915-இல் அல்சைமர் காலமானார். அவருக்கும் அப்போது வயது 51. மருத்துவமனையில் சேர்ந்தபோது ஔகுஸ்தவுக்கு இருந்த அதே வயது. காணாமல் போயிருந்த ஔகுஸ்தவின் நோய்க் குறிப்பேடு 1995-இல் பிராங்க்பர்ட்டிலேயே கண்டெடுக்கப்பட்டது. நினைவு இழந்தவரின் நினைவேடு தொண்ணூறு ஆண்டு தொலைந்து கிடந்தது என்பது வேடிக்கைதான்.

அந்தப் பொட்டுகள் எவற்றால் ஆனவை? 1984-இல் கிளென்னர், வாங் என்ற இருவர் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அமிலாய்ட் பீட்டா என்று பெயர். சுமார் நாற்பது அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டு அது. நம் எல்லோர் மூளையிலும் உண்டாகி, உடனுக்குடன் அப்புறப்படுத்தப்படுவது. அப்புறப்படுத்துவது குறைந்தால் தேங்கிப் படிகிறது. முடிச்சுகள் டௌ என்ற வேறொரு புரதத்தால் ஆனவை. நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்குப் போக்குவரத்துக்குத் தண்டவாளங்கள் உண்டு. தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் குறுக்குக் கட்டைகள் போன்றது டௌ. அது கழன்று ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் போக்குவரத்து நிற்கிறது. செல் பட்டினியாகிச் சாகிறது. எது முதலில், எது பின்னால், ஒன்று மற்றொன்றை எப்படித் தூண்டுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை.

இனி என் அம்மாவிடம் வருகிறேன். என் பெயரை மறந்த அம்மா, என்னைத் தம் தம்பியின் பெயரால், அதாவது என் தாய்மாமன் பெயரால் கூப்பிட்டார். காலையில் சாப்பிட்டதை மறந்தவர், சிறுமியாக இருந்தபோது கண்மாயில் அயிரை மீன் பிடித்ததை மீன் வழுக்கியது உட்படச் சொன்னார். இது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

கிராமத்து வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிரைப் பார்த்திருப்பீர்கள். மேலே கொட்டுவோம், அடியிலுள்ள துளையைத் திறந்து எடுப்போம். ஆகவே பழைய நெல் முதலில் தீரும். நினைவுக் குதிர் நேர்மாறானது. நோய் மேலிருந்து அள்ளுகிறது. நேற்றுக் கொட்டியது முதலில் போகிறது. அடியில் கிடக்கும் பழையது கடைசிவரை இருக்கிறது. 1881-இலேயே ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதை ஒரு விதியாகக் கூறிவிட்டார்.

காரணம், மூளையின் உட்பகுதியில் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பு. கடற்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். புதிய நிகழ்ச்சிகளை நினைவாகப் பதிய வைப்பது இதன் வேலை. நாளடைவில் அவை மூளையின் மேற்பரப்பில் பரவலாக நிலைத்துவிடுகின்றன. அல்சைமர் நோய் இந்த உறுப்பையும் இதன் அண்டைப் பகுதியையும் முதலில் தாக்குகிறது. எழுத்தர் படுத்துவிட்ட அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகள் அலமாரியில் பத்திரமாக இருக்கும். புதிய கடிதம் எதுவும் பதிவாகாது.

உயிரோடிருக்கும் ஒருவரின் மூளையில் அமிலாய்ட் படிந்திருப்பதை எப்படிக் காண்பது? ஔகுஸ்த இறந்த பின்புதான் அல்சைமரால் பார்க்க முடிந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இதே நிலைதான். இங்கேதான் என் பாடம் உதவிக்கு வருகிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எலெக்ட்ரானுக்கு ஓர் எதிர்த் துகள் உண்டு என்று 1928-இல் டிராக் எழுதிய சமன்பாடு வழிகாட்டியது. 1932-இல் ஆண்டர்சன் அதைக் கண்டுபிடித்தார். அதுவே பாசிட்ரான். எடை எலெக்ட்ரானின் எடையே; மின்னூட்டம் மட்டும் நேர். இரண்டும் சந்தித்தால் இரண்டுமே மறைந்துவிடும். அவற்றின் நிறை முழுவதும் ஐன்ஸ்டீன் சொன்னபடி ஆற்றலாகி, இரண்டு காமாக் கதிர்த் துகள்களாக நேரெதிர்த் திசைகளில் பறக்கும். ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்.

அமிலாய்டில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு சாயப் பொருளை எடுத்து, அதில் பாசிட்ரான் உமிழும் அணு ஒன்றைப் பொருத்தி, மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் செலுத்துகிறார்கள். நோயாளியின் தலையைச் சுற்றி வளையமாக உணர் கருவிகள் இருக்கும். எதிரெதிரான இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் கதிரைப் பெற்றால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டின் மேல் எங்கோ பாசிட்ரான் மறைந்திருக்கிறது என்று பொருள். ஒரே சமயம் என்றால் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குக்குள். அந்த நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரம் உங்கள் அடிக்கோல் நீளமே, 30 சென்டிமீட்டர். இப்படி இலட்சக்கணக்கான கோடுகளைக் கணிப்பொறி வரைந்து, அவை எங்கே அடர்த்தியாக வெட்டிக்கொள்கின்றன என்று பார்த்தால் அமிலாய்ட் படிந்த இடம் படமாகத் தெரியும்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த கிளங்க், மேத்திஸ் என்பவர்கள் உருவாக்கிய சாயத்தால் எடுத்த படங்கள் 2004-இல் வெளியாயின. அதில் இருந்த கார்பன் 11 அணுவின் அரை ஆயுள் 20 நிமிடமே. தயாரிக்கும் இடத்திலேயே நோயாளி இருக்க வேண்டும். பின்னால் வந்த சாயங்களில் ஃபுளோரின் 18 பயன்படுகிறது. இதன் அரை ஆயுள் 110 நிமிடம். வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம். இந்தப் படங்கள் சொன்ன செய்தி அதிர்ச்சியானது: முதல் மறதி தோன்றுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்ட் படியத் தொடங்கிவிடுகிறது. நான் கல்லூரி மாணவனாக அம்மா கொடுத்த கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு அந்தப் படம் எடுக்கவில்லை. அதற்கு அவசியமும் இல்லை என்றார் மதுரையில் நாங்கள் பார்த்த டாக்டர். அவர் முதலில் செய்தது இரத்தப் பரிசோதனை. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பி மந்தமானாலும் மறதி வரும். கீழே விழுந்து தலைக்குள் இரத்தம் கட்டியிருந்தாலும் வரும். இவற்றைக் குணப்படுத்தலாம். தாயத்துக் கட்டி ஓர் ஆண்டு காத்திருந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை. காந்தப் புலத்தில் எடுத்த படத்தில் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருந்தது தெரிந்தது.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், அறிவாற்றல் தேயும் நோய்களால் பாதிக்கப்பட்டிருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பங்கு அல்சைமர் நோய். நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் கூடுதல். படிப்பு வாய்க்காதவர்களிடம் அதிகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர், தம்பிகள் படித்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் இன்றைய தேதி என்ன என்று கேட்டு நோயைக் கண்டுபிடிக்க முடியுமா? அதனால், 1990-களில் ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களுக்காக உருவாக்கிய கேள்வித்தாளில், இது காலையா, மத்தியானமா, சாயங்காலமா என்று கேட்டார்கள். 1992-இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் இந்நோயாளிகளுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். இன்று அதற்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு.

மருந்து? அமிலாய்டை அகற்றும் லெக்கானெமாப் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா முழு அனுமதி அளித்தது. தொடக்க நிலை நோயாளிகளிடம் பதினெட்டு மாதச் சோதனையில் தேய்வின் வேகம் சுமார் கால் பங்கு குறைந்தது. நிற்கவில்லை; குறைந்தது, அவ்வளவுதான். மூளையில் வீக்கம், இரத்தக் கசிவு போன்ற தொல்லைகளும் உண்டு. போன நினைவைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து எதுவும் இல்லை.

வீட்டில் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் அம்மா முன்னால் நின்று, "நான் யாருன்னு சொல்லு பாப்போம்" என்பார்கள். நானும் கேட்டேன். பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையைப் போல அம்மா விழிப்பார், பிறகு அழுவார். இப்போது உள்ளே நுழையும்போதே, "அம்மா, நான் உன் மூத்த மகன் வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறேன். "வா ராசா" என்கிறார். நம்பிச் சொல்கிறாரா, மரியாதைக்குச் சொல்கிறாரா என்று நான் ஆராய்வதில்லை.

இன்னொன்று. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் வலிப்பு நோய்க்காக இருபுற ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அறுவையில் எடுத்துவிட்டார்கள். அதன்பின் 2008-இல் இறக்கும்வரை அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. ஆனால் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் அவருக்குக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்தது. கைப்பழக்கம் மூளையில் வேறு பகுதிகளில் பதிகிறது.

இதைப் படித்த பிறகு, மூலையில் கிடந்த அம்மாவின் பழைய மிஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கால் மிதியைப் பொருத்தினேன். ஊசிக்கு முன்னால் விரல் தடுப்பும் வைத்தேன். ஒரு கிழிந்த வேட்டியைக் கொடுத்து உட்கார வைத்தேன். இது என்ன என்று கேட்டதற்கு அம்மாவுக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. கால் மட்டும் மிதிக்கத் தொடங்கியது. வலது கை சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளியது. அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் தையல் ஓடிற்று. துணி முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்துவிட்டு, அடுத்த பீஸுக்காகக் கையை நீட்டினார்.