உங்களுக்குத் தெரியுமா? மூவாயிரம் டிகிரிக் குச்சி

● காட்டுப் பயணம் போகிறவர்களின் பையில் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் குச்சியைப் பார்த்திருப்பீர்கள். பெயர் ஃபெர்ரோ ராட். இரும்புத் தகட்டால் அழுத்திச் சுரண்டினால் பொறி கொட்டும். அந்தப் பொறியின் வெப்பம் சுமார் 3,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். இரும்பு உருக 1,538 டிகிரி போதும். இருந்தும் இந்தப் பொறி ஒரு சுள்ளியைக்கூட நேரடியாகப் பற்றவைக்காது. கண் இமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும் துகள் அது. அதற்குள் பஞ்சோ நாரோ பிடித்துக்கொண்டால்தான் உண்டு.

● இதைச் சிக்கிமுக்கிக் கல் என்று சொல்லி விற்கிறார்கள். தவறு. சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் அடிக்கும்போது கல் எரிவதில்லை. எஃகைவிடக் கடினமான கல், அதிலிருந்து நுண்ணிய துணுக்கைச் சீவி எடுக்கிறது; எரிவது அந்த எஃகுத் துணுக்கு. ஃபெர்ரோ ராடில் எல்லாம் தலைகீழ். சீவப்படுவதும் குச்சி, எரிவதும் குச்சி. அதில் இருக்கும் சீரியம் என்ற உலோகம் தூளாக இருந்தால் 150 முதல் 180 டிகிரிக்குள்ளேயே காற்றில் பற்றிக்கொள்ளும். சுரண்டும்போது உண்டாகும் சூடே அதற்குத் தாராளம்.

● சிகரெட் லைட்டரில் சக்கரத்துக்கு அடியில் போடும் "லைட்டர் கல்" கல்லே அல்ல. இதே உலோகக் கலவைதான். கேஸ் வெல்டிங் பட்டறையில் 'சரக் சரக்' என்று உரசிப் பற்றவைக்கிறார்களே, அந்தக் கருவியில் இருப்பதும் இதுதான்.

● இந்தக் கலவையைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக். ஆண்டு 1903. அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பை நம் தாத்தா பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும்: கல்யாண ஊர்வலத்திலும் கூத்து மேடையிலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளிரும் வலை, அதாவது மேண்டில். மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியத்தை மோனசைட் என்ற கனிமத்திலிருந்து பிரித்தார்கள். பிரித்த பிறகு சீரியமும் லாந்தனமும் கலந்த கழிவு மலைபோல் மிஞ்சியது, வாங்க ஆளில்லை. அந்தக் கழிவிலிருந்து எடுத்த உலோகம் மிருதுவானது. அதில் ஏறக்குறைய 30 சதவீதம் இரும்பைச் சேர்த்து இறுக்கினார் வெல்ஸ்பாக். உரசினால் பொறி பறந்தது. விளக்குக்கு வெளிச்சம் தந்த மனிதரே அதைப் பற்றவைக்கும் கல்லையும் தந்தார், அதுவும் குப்பையிலிருந்து. நியோடிமியம், பிரசியோடிமியம் என்ற இரண்டு தனிமங்களை 1885-இல் பிரித்துக் காட்டியவரும் இவரே. அவை இரண்டும் இன்றைய ஃபெர்ரோ ராடிலும் கொஞ்சம் உண்டு.

● இந்தக் கதையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் பங்கிருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்று நாரில் மினுமினுப்பான மணல் ஒட்டியிருந்தது. அதை ஆராய்ந்த ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட் என்று கண்டார். தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அது 1909. மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும் என்பதற்காகவே அங்கே மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. இன்று அதே ஊரில் ஐஆர்இஎல் என்ற அரசு நிறுவனம் மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அந்த நிறுவனம் அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது.

● ஒரு லைட்டர் கல்லின் விலை என்ன? 1944-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ஒரு நாள் ரொட்டி. இத்தாலிய வேதியியலர் பிரிமோ லெவி அங்கே கைதியாக இருந்தார். ரப்பர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு ஜாடியில் பெயர்ச்சீட்டு இல்லாத சின்னச் சின்ன உலோகக் குச்சிகள் கிடந்தன. கத்தியால் சுரண்டியதும் மஞ்சள் பொறி வந்தது. இரும்பும் சீரியமும் கலந்த கலவை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகாமில் திருட்டுத்தனமாக லைட்டர் செய்து விற்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கல் தேவை. சுமார் 40 குச்சிகளைத் திருடினார். ஒரு குச்சிக்கு மூன்று கல், ஆக 120. அவரும் நண்பர் ஆல்பெர்ட்டோவும் இரவில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, தேவையான பருமனுக்கு வரும்வரை அவற்றைச் சுரண்டினார்கள். படுத்திருந்ததோ வைக்கோல் மெத்தை. ஒரு பொறி விழுந்தாலும் கதை முடிந்தது. இருவருக்கும் இரண்டு மாத ரொட்டி அதில் கிடைத்தது. 1945 ஜனவரியில் ரஷ்யப் படை வந்தபோது லெவி உயிரோடு இருந்தார். முகாமைக் காலி செய்து கைதிகளை நடத்திக்கொண்டு போனபோது ஆல்பெர்ட்டோவும் போனார், திரும்பவில்லை. லெவி 1975-இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு தனிமத்தின் பெயர். சீரியம் என்ற அத்தியாயம் இந்தச் சம்பவம்தான்.

● புது ராட் வாங்கியவர்கள் "பொறியே வரவில்லை" என்று திட்டுவது வழக்கம். மேலே இருக்கும் கறுப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். ஈரக் காற்றில் உலோகம் அரிக்காமல் இருக்கப் பூசியது அது.

● சுரண்ட விலை உயர்ந்த கத்தி வேண்டாம். உடைந்த ஆக்ஸா பிளேடு துண்டு போதும். கத்திதான் இருக்கிறது என்றால் அதன் முதுகைப் பயன்படுத்துங்கள். முதுகின் ஓரம் மழுங்காமல், செங்கோணமாக இருக்க வேண்டும். வெட்டும் பக்கத்தால் சுரண்டினால் கத்தி பாழ். இன்னொரு சூட்சுமம்: தகட்டை அசைக்காமல் பிடித்துக்கொண்டு குச்சியைப் பின்னால் இழுங்கள். தகட்டை முன்னால் தள்ளினால் கை போய்ப் பஞ்சுக் குவியலைத் தட்டிக் கலைத்துவிடும். வீடியோக்களில் அடித்துத் தெறிக்கவிடும் வேகம் பார்க்க அழகு, அவ்வளவுதான். மெதுவாக, அழுத்தமாக ஒரே இழுப்பு இழுத்தால் பெரிய பொறி விழும்.

● தீ மூட்டுவதில் பாதிக்கு மேல் வேலை பொறிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. தேங்காய் நாரைக் கையால் கசக்கிப் பிரித்துப் பூப்போல ஆக்குங்கள். தென்னையின் பன்னாடையும் காய்ந்திருந்தால் அருமை. இலவம் பஞ்சு உடனே பிடிக்கும், உடனே தீர்ந்தும் போகும். நாரோடு கலந்தால் நிற்கும். வாசலின் தடவிய பஞ்சு உருண்டையைப் பிய்த்துவிட்டுப் பற்றவைத்தால் சில நிமிடங்கள் எரியும். வட ஐரோப்பியர்களுக்கு பிர்ச் மரப்பட்டை. அதில் எண்ணெய்ப் பசை உள்ளதால் ஈரத்திலும் எரியும். அதன்பின் ஈர்க்குச்சிப் பருமனில் சுள்ளி, பென்சில் பருமன், கட்டைவிரல் பருமன் என்று வரிசையாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். பஞ்சு எரியத் தொடங்கிய பிறகு சுள்ளி பொறுக்கப் போனால் இரண்டும் கிடைக்காது.

● 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த "ஓட்ஸி" என்ற ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதரின் பையில், மரத்தில் வளரும் ஒருவகைக் காளான் இருந்தது. அதில் பைரைட் கல்லின் துகள்கள் ஒட்டியிருந்தன. பொறியும் அதைப் பிடிக்கும் பஞ்சும் அன்றே ஜோடியாகத்தான் பயணம் செய்தன.

● கேஸ் லைட்டர் இருக்க இது எதற்கு? லைட்டரில் திரவமாக இருக்கும் பியூட்டேன், மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதித்து வாயுவாக வெளியே வராது. லடாக் பக்கம் உறைபனியில் லைட்டர் கைவிடுவது அதனால்தான். நனைந்த தீப்பெட்டியும் உதவாது. ராட் நனைந்தால் துடைத்துவிட்டு உரசலாம். உப்புத் தண்ணீர் மட்டும் அதற்கு ஆகாது. கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

● கூடாரத்துக்குப் பக்கத்தில் ராடை உரசிப் பழகாதீர்கள். நைலான் துணியில் ஒரு பொறி பட்டால் ஓட்டை.

● காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் போதைப்புல் காய்ந்து கிடக்கும் மலைச்சரிவில் ஒரு பொறிக்குமேல் எதுவும் தேவையில்லை. ஆசையாக ராட் வாங்கியவர்கள் வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு பழகுங்கள். அனுமதி உள்ள முகாமில் மூட்டினால், சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரியும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டுக் கிளம்புங்கள்.