விடிகாலை 4 மணி எலிகள்

இரண்டு கூட்டம் எலிகள். இரண்டுக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிர். ஒரு கூட்டத்துக்கு விடிகாலை 4 மணிக்குப் பாய்ச்சினார்கள். மற்றதற்கு மாலை 4 மணிக்கு. விடிகாலை எலிகளுக்கு வந்த தோல் கட்டிகள் ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அஜீஸ் சன்ஜாரின் குழு 2011இல் வெளியிட்ட முடிவு இது.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது?

டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தைமின் எழுத்துகளைப் புற ஊதாக் கதிர் ஒட்டவைத்துவிடும். அப்படியே விட்டால் படியெடுக்கும்போது பிழை விழும். அதனால் செல், பழுதான இடத்தைச் சுற்றி ஏறக்குறைய 30 எழுத்துகளை வெட்டி எறிந்து, புதிதாக நிரப்புகிறது. இந்த வேலைக்கு எக்ஸ்.பி.ஏ. என்ற புரதம் வேண்டும். எலித் தோலில் அது மாலையில் நிறைந்தும் விடிகாலையில் வற்றியும் இருக்கிறது.

அந்த ஏற்ற இறக்கத்தை நடத்துவது செல்லுக்குள்ளேயே ஓடும் கடிகாரம். கிளாக், பிமால்1 என்ற புரதங்கள் சில மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் பீரியட், கிரிப்டோகுரோம் புரதங்கள் திரும்பி வந்து, முடுக்கியவற்றையே அடக்குகின்றன. பிறகு அவை சிதைய, மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம்.

இதில் கிரிப்டோகுரோமின் பூர்வீகம் சுவாரஸ்யமானது. அது ஃபோட்டோலயேஸ் குடும்பத்து வாரிசு. பாக்டீரியா, தாவரங்கள், கங்காரு ஆகியவற்றிடம் இன்றும் உள்ள ஃபோட்டோலயேஸ், நீல ஒளியின் ஆற்றலைக் கொண்டு ஒட்டிய தைமின்களை நேரடியாகப் பிரித்துவிடும். மனிதரிடமும் எலியிடமும் அது இல்லை. வெயிலின் சேதத்தைச் சரிசெய்த குடும்பத்தின் இன்னொரு கிளை, நம் உடம்பில் நேரம் காக்கிறது.

கதிரும் கடிகாரத்தைச் சும்மா விடுவதில்லை. ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் செல்கள்மீது யு.வி.பி. என்ற வகைப் புற ஊதாக் கதிர் பட்டபோது, கடிகார மரபணுக்களின் தாளம் பிசகியது.

எலி இரவில் நடமாடும் பிராணி, நாம் பகலில். மனிதத் தோலில் இந்தப் பழுதுபார்ப்பின் தாளம் தலைகீழாக இருக்கும், காலை வெயிலைவிட மாலை வெயிலே கூடுதல் கெடுதி செய்யலாம் என்பது சன்ஜார் குழுவின் கணிப்பு.

சாப்பாட்டு நேரமும் இதில் புகுந்துகொள்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இரவில் இரை தேடும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டார்கள். தோலின் கடிகாரம் இடம் மாறியது. பகலில் பட்ட கதிர் முன்னைவிட அதிகமாக டி.என்.ஏ.வைச் சிதைத்தது.