இங்குபேட்டர் கதவைத் தொடும் கை

உலு திராமில் ஒரு தாய்க்கு ஏழாம் மாதமே பிரசவ வலி கண்டால், குழந்தை பெரும்பாலும் ஜொகூர் பாருவின் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குத்தான் போகும். அங்கே பச்சிளங்குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இங்குபேட்டர் அதற்குச் சூடும் ஈரப்பதமும் கொடுத்துக் காக்கிறது. கிருமிகளுக்கும் அவை பிடித்தமானவை என்பதுதான் சங்கடம்.

தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்களில் பெரும்பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சீதனம் முழுதாகக் கிடைப்பதில்லை, தோலும் முற்றியிருக்காது. நம்மைச் சீண்டாத கிருமியும் அதன் இரத்தத்தில் புகுந்துவிடும். டில்லியின் 3 மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் இரத்தத் தொற்றில் முதலிடத்தில் இருந்தது அசினெட்டோபாக்டர் என்ற கிருமி. உலர்ந்த பரப்பில் அது 5 மாதம் வரைகூடப் பிழைத்துக் கிடக்கும். மானிட்டர் பொத்தான், மருந்து பம்ப், இங்குபேட்டரின் கைநுழை கதவு என அடிக்கடி கைபடும் இடங்களிலிருந்து அது கைவழியே குழந்தையிடம் போகிறது.

கை கழுவும் இடமே ஆபத்தாவதும் உண்டு. வட அயர்லாந்தில் 2011 டிசம்பரிலும் 2012 ஜனவரியிலும் சூடோமோனாஸ் என்ற கிருமி தொற்றி 4 குழந்தைகள் இறந்தன. அங்குள்ள பெல்ஃபாஸ்ட் மருத்துவமனையில் தேடியபோது, கைகழுவும் தொட்டியின் குழாய்களிலேயே அந்தக் கிருமி குடியிருந்தது தெரிந்தது.

பரப்பைத் துடைப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. முதலில் அழுக்கைச் சோப்பு நீரால் போக்க வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் குளோரின் கிருமிநாசினி வலுவிழக்கும். பிறகு பூசும் கிருமிநாசினி குறிப்பிட்ட நேரம் ஈரமாகவே நிற்க வேண்டும். உடனே துடைத்துக் காயவைத்தால் வேலை பாதியில் நிற்கும். ஃபீனால் வகைக் கிருமிநாசினியைக் குழந்தை உள்ளிருக்கும்போது இங்குபேட்டரில் பயன்படுத்தக் கூடாது. அது குழந்தைக்கு மஞ்சள் காமாலையைக் கூட்டியதை மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. இத்தனையும் அறிந்து செய்யும் துப்புரவுப் பணியாளரை நான் சிகிச்சைக் குழுவில் ஒருவராகவே மதிக்கிறேன். அவருக்குப் பயிற்சியும் போதிய நேரமும் கொடுப்பது மருந்து வாங்குவதற்குச் சமமான செலவு.

பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோரே, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு முழங்கைவரை கழுவுங்கள். கைப்பேசியைத் தொட்டால் மறுபடி கையைச் சுத்தம் செய்யுங்கள். தாதியோ டாக்டரோ மறந்திருந்தால், “கை கழுவிட்டீங்களா?” என்று தயங்காமல் கேளுங்கள்.