நெல் வயலில் ஓரடிக் குழாய்

நெல்லு தண்ணிப் பயிர் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், நெல் தண்ணீரில் நிற்கத் தெரிந்த பயிர். நின்றே ஆக வேண்டிய பயிர் அல்ல. இலையிலிருந்து வேர்வரைக்கும் அதன் உடம்பில் காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. மண் மூழ்கிக் காற்று அற்றுப் போனாலும் இந்தக் குழல் வழியே உயிர்வளி வேருக்கு இறங்கும். உளுந்தும் கத்தரியும் அழுகிப் போகிற இடத்தில் நெல் தாக்குப் பிடிப்பது இதனால்தான். அப்புறம் ஏன் நட்ட நாளிலிருந்து வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்? பெரும்பாலும் களைக்காகத்தான். தண்ணீர் நின்றால் புல் முளைப்பது குறையும். களைக்கொல்லி தொடாத நமக்கு அது இன்னும் பெரிய காரணம்.

ஆனால் தேங்கிய தண்ணீர், ரசாயன வயலைவிட நம்முடைய இயற்கை வயலுக்குத்தான் கூடுதல் கெடுதல் செய்யக்கூடும். இதை நம் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

நாம் வயலுக்கு என்ன கொடுக்கிறோம்? தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி மடக்கி உழுகிறோம். தொழுஉரம் கொட்டுகிறோம். வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே திருப்புகிறோம். எல்லாம் நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. காற்று இருக்கிற மண்ணில் ஒரு கூட்டம் அதைச் சாப்பிட்டு மக்கவைக்கும். காற்றில்லாத சேற்றில் வேறு கூட்டம் பந்தியில் உட்கார்ந்துவிடும். சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. காற்றுப் புகாத தொட்டி, சாணம், தண்ணீர். கொஞ்ச நாளில் மீத்தேன் வந்துவிடும். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் வயலும் மூடியில்லாத ஒரு கலன்தான். அங்கே உண்டாகிற மீத்தேனில் பெரும்பகுதி நெற்பயிரின் அதே காற்றுக் குழல் வழியாக ஏறி வானத்துக்குப் போய்விடுகிறது. யார் வீட்டு அடுப்பும் எரியாமல் போகிற அந்த வாயு, நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

பருவநிலைக் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும். நமக்கு உடனே வலிக்கிற இடம் வேர். சேற்றில் கால் வைத்ததும் குமிழி கிளம்பி அழுகின முட்டை வாடை அடிக்கிறதா? அது ஹைட்ரஜன் சல்பைடு, வேருக்கு நஞ்சு. ஒரு தூரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவோ இளம் செம்பழுப்பாகவோ இருந்தால் நல்ல வேர். கறுத்துப்போய், விரலால் உருவினால் மேல்தோல் கழன்று வந்தால் அது மூச்சுமுட்டிய வேர். பயிர் மஞ்சளாக நிற்பதைப் பார்த்து ‘சத்துப் பத்தலை’ என்று இன்னொரு குடம் அமுதக்கரைசல் ஊற்றுகிறோம். பல சமயம் சத்து காலடியிலேயே கிடக்கும். எடுத்துக்கொள்ள வேர்தான் இருக்காது.

அதனால் இரண்டு வேலை. ஒன்று, எதை எப்போது மண்ணில் போடுகிறோம் என்பது. நடவுக்கு முந்தைய சில வாரத்துக்குள் மடக்கி உழுத மக்காத வைக்கோல்தான் மீத்தேனை மிக அதிகம் கிளப்பும். பசுந்தாள் அதற்கு அடுத்து. நன்றாக மக்கிய உரம் மிகக் குறைவு. வைக்கோலை எரிக்க வேண்டாம், நேரே சேற்றிலும் அமுக்க வேண்டாம்; மாட்டுக்கும் மூடாக்குக்கும் போக மிச்சத்தைக் குவித்து மக்கவைத்துப் போடுங்கள்.

இரண்டாவது வேலை, மண்ணை இடையிடையே மூச்சு விட விடுவது. ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பது நம் ஊர்ச் சொல்தானே. மடகாஸ்கரில் வேலை செய்த பிரெஞ்சுப் பாதிரியார் லாலனி 1980களில் வகுத்த ஒற்றை நாற்று முறை இங்கே திருந்திய நெல் சாகுபடியாக வந்தபோதும் ‘நீர் மறைய நீர் கட்டு’ என்பதுதான் பாடம். பாடம் சரி. ஆனால் எவ்வளவு மறைய? மேல்மண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் பயம்தான் ஜெயிக்கும். மயிரிழை வெடிப்பு தெரிந்த உடனே மோட்டாரைப் போட்டுவிடுவோம்.

இந்த இடத்தில்தான் ஓரடிக் குழாய் உதவுகிறது. பிலிப்பைன்சில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய கருவி இது. ஆமாம், 1966இல் ஐ.ஆர். 8 கொடுத்த அதே நிலையம்தான். அவர்கள் தந்த விதை வேண்டாம் என்பதற்கு நம்மிடம் காரணங்கள் உண்டு. அதற்காக, துளை போட்ட ஒரு குழாயையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விற்க முத்திரை இல்லை, வருசாவருசம் வாங்க வேண்டியதும் இல்லை. கணு நீக்கிய பருத்த மூங்கிலிலும் செய்துகொள்ளலாம்.

நான்கு முதல் ஆறு அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயில் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு. அதில் கீழ்ப்பாதியில் மட்டும் சுற்றிலும் துளை. துளை அரை சென்டிமீட்டர், இடைவெளி இரண்டு சென்டிமீட்டர். நட்டபிறகு துளையுள்ள பாதி மண்ணுக்குள்ளும் மீதிப் பாதி வெளியேயும் இருக்கிறமாதிரி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அடிமட்டம் தெரியக் கையால் அள்ளிவிட வேண்டும். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்க வசதியாக வையுங்கள். ஆனால் மடைவாயிலோ மேட்டிலோ பள்ளத்திலோ வேண்டாம். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் இருந்தால் வேலை சரி. உள்ளே வேறு மட்டம் காட்டினால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

மண்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கத் தண்ணீர் கட்டுங்கள். பிறகு விட்டுவிடுங்கள். மேலே வற்றி, குழாய்க்குள்ளும் மண்மட்டத்திலிருந்து அரையடி கீழே, அதாவது 15 சென்டிமீட்டர் இறங்கியபிறகு மறுபடி பாய்ச்சுங்கள். களிமண்ணில் இதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், மணற்பாங்கில் இரண்டு மூன்று நாளிலேயே இறங்கிவிடும். அந்த ஆழம் வரைக்கும் வேர் தண்ணீரைத் தேடி எடுத்துக்கொள்ளும். இந்த எல்லைக்குள் காயவிட்டால் விளைச்சல் குறைவதில்லை என்று பல நாட்டு வயல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பாசனத் தண்ணீர் 30 விழுக்காடு வரை மிச்சமாகும், மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறையும். அதைத் தாண்டிக் காயவிட்டால் விளைச்சல் அடிபடும். இன்னொன்று, கரிமச் சத்து கூடிய மண் காய்ச்சலை நன்றாகத் தாங்கும். அந்த மண்ணைத்தான் நாம் இத்தனை வருசமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறோம்.

என் குறுவை வயல் போர்த் தண்ணீரை நம்பியது. குழாய் வைத்த புதிதில் பக்கத்து வயல் பெரியப்பா வரப்பில் நின்று, “ஏம்ப்பா, வயலு வெடிச்சுக் கெடக்கு, நீ குழாய்க்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறியே” என்றார். “நீங்களும் வந்து பாருங்க பெரியப்பா” என்றேன். குனிந்து பார்த்தார். நாலு விரல் ஆழத்தில் தண்ணீர் மினுங்கியது. “அட, கீழ கெடக்கு!” என்றவர், தன் வயல் மடையை உடனே அடைத்தாரா என்றால் இல்லை. அடுத்த குறுவைக்குத்தான் ஒரு துண்டுக் குழாய் கேட்டு வந்தார்.

களை விஷயத்தை மழுப்ப முடியாது. காயவிட்டால் கோரையும் குதிரைவாலிப் புல்லும் வரும். ஆகவே நட்ட முதல் இரண்டு மூன்று வாரம் குழாயை மறந்துவிடுங்கள்; சன்னமாகத் தண்ணீர் நிறுத்தி, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் ஓட்டுங்கள். அது களையை அமுக்குவதோடு சேற்றையும் கிளறிவிடும். அசோலா விடுகிறவர்களும் அதை இந்த முதல் வாரங்களிலேயே வளரவிட்டு வீடரால் சேற்றில் மிதித்துவிட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் வற்றியபின் அது நிற்காது. பயிர் தூர் கட்டி நிழல் விழுந்தபிறகு காய்ச்சலைத் தொடங்கினால் களைக்குப் பாதி வேகம் போய்விடும். பூக்கிற சமயத்தில், அதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும், காய்ச்சல் கூடவே கூடாது. அப்போது இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கட்டும். புண்ணாக்கு, கோழி எரு போன்றவற்றை மேலுரமாகப் போட்ட கையோடும் காயவிட வேண்டாம். காய்ந்து மறுபடி நனைகிறபோது தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

எல்லா வயலுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சம்பாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய்க்கு வேலையே இல்லை. அப்போது வடிகால்தான் பிரச்சினை. முறை வைத்து ஆற்றுத் தண்ணீர் விடும்போது, அடுத்த முறை வருமா என்ற பயத்தில் இருக்கிற உழவரைப் போய் ‘காயவிடு’ என்பது அநியாயம். வாய்க்காலில் நிச்சயமான முறை இருந்தால்தான் வயலில் காய்ச்சல் நடக்கும்; அது அரசோடு பேச வேண்டிய விஷயம். கடலோரக் கடைமடையில் உப்பு மேலேறும் மண்ணிலும், களர் நிலத்திலும் காயவிடுவது ஆபத்து. வரப்பில் எலி வளை கூடும், அதற்கும் ஒரு கண் வேண்டும்.

மேடுபள்ளமான வயலில் ஒரு குழாய் சொல்வது பாதி வயலுக்குத்தான் உண்மை. பரம்பு அடித்துச் சமன் செய்வது முதல் வேலை. லேசர் கருவி பூட்டிய டிராக்டர் வாடகைக்குக் கிடைத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அது மேட்டின் மேல்மண்ணைச் சுரண்டிப் பள்ளத்தில் போடும். சுரண்டிய இடத்துக்கு அந்த வருசம் கூடுதலாக மக்கிய உரம் கொட்டாவிட்டால் பயிர் திட்டுத்திட்டாக நிற்கும்.

இப்போது இதே குழாயின் தலையில் உணரி பொருத்தி, தண்ணீர் மட்டத்தைக் கைபேசிக்கு அனுப்புகிற கருவிகளும் வந்துவிட்டன. பத்திருபது ஏக்கரைக் கூட்டாகப் பார்க்கிற குழுவுக்கு அது உதவலாம். ஒன்றிரண்டு ஏக்கருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. தண்ணீர் மட்டம் பார்க்கப் போகிற கண்தான் இலைச்சுருட்டுப் புழுவையும் சிலந்தி வலையையும் பார்க்கிறது. மொபைல் ஸ்டார்ட்டர் வந்தபிறகு எத்தனை பேர் வயலுக்குப் போகாமலேயே பாய்ச்சுகிறோம்! ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டால் கரண்ட் வரும்போதெல்லாம் மோட்டார் ஓடும். மின்சாரம் இலவசம்தான், கீழே இருக்கிற தண்ணீர் அப்படி இல்லை. ஸ்டார்ட்டர் இருக்கட்டும், குழாயைப் பார்த்தபின் பட்டனை அமுக்குங்கள்.

இன்னொரு சேதி. மீத்தேன் குறைத்தால் கார்பன் வரவு, அதற்குப் பணம் என்று நெல் உழவர்களிடம் நிறுவனங்கள் ஒப்பந்தத்தோடு வரத் தொடங்கியிருக்கின்றன. பணம் கிடைத்தால் நல்லதுதான். ஆனால் 2024இல் சீனாவில் 37 நெல் சாகுபடித் திட்டங்களை வெர்ரா என்கிற சான்று அமைப்பே தரமில்லை என்று நிராகரித்தது. கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: எத்தனை வருசம் கட்டுப்படுகிறோம், வயலை அளப்பது யார், விற்ற விலையில் உழவருக்கு எவ்வளவு, மழையால் காயவிட முடியாமல் போனால் என்ன, குத்தகை உழவர் என்றால் பணம் யாருக்கு? பதில் தமிழில் எழுத்தில் வேண்டும். தனியாகப் போட வேண்டாம், சங்கத்தில் வைத்துப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, அறுப்புக்குத் தண்ணீர் வடிக்கும்போதே குழாயைப் பிடுங்கிக் கழுவி எடுத்து வைத்துவிடுங்கள். அறுவடை இயந்திரம் ஏறினால் நொறுங்கிவிடும், துண்டு பிளாஸ்டிக் வயலிலேயே தங்கிவிடும்.