முகத்துவாரத்திலிருந்து நோக்கினால்: தோட்டக்கலைப் பட்டம் ஒரு மதிப்பீடு

கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்துள்ளது முகத்துவாரக்குப்பம். பெயரே இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. இக்கரையில் படகுகளும் வலைகளும். கழிமுகத்துக்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் துறைமுகத்துப் பளுதூக்கிகளும். நெய்தல் நிலத்துக்கு இலக்கியம் வகுத்த புன்னையையும் தாழையையும் இங்கே தேடித்தான் காணவேண்டும். அருகிலுள்ள தாழங்குப்பத்தின் பெயரிலாவது தாழை எஞ்சியிருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம்.

இவ்வூரில் நின்றுகொண்டு தோட்டக்கலைப் பட்டப்படிப்பை மதிப்பிடுவது பொருந்தாச் செயலாகத் தோன்றக்கூடும். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. மேனிலைத் தேர்வில் அறிவியல் பாடங்களை எடுத்துத் தேறிய மாணவி ஒருத்தியை அழைத்துக்கொண்டு அவள் தந்தையார் நம்மைக் காண வந்தார். ஆற்றில் இறால் பிடித்துக் குடும்பம் நடத்துபவர். "செடி கொடி வளர்க்கிற படிப்பாம் சார், நாலு வருசம். ஆத்துல இனிமே ஒண்ணும் இல்ல, படிக்கட்டும். ஆனா இது தேறுமா?" என்பதே அவர் வினா. 'தேறுமா' என்னும் அச்சொல்லையே அளவுகோலாகக் கொண்டு இப்பட்டத்தை ஆராய்வோம்.

அவர் ஆற்றைப் பற்றிச் சொன்னது மிகையன்று. ஆண்டுக்கணக்கில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடிட்டது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவிப் படகுகளையும் வலைகளையும் அலையாத்தி மரங்களின் வேர்களையும் கறுப்பாக்கியது. தொழில் மாறுவதென்பது இங்கே விருப்பத்தின்பாற்பட்டதன்று.

இனிப் படிப்பைக் காண்போம். இளம் அறிவியல் தோட்டக்கலை என்பது நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள் கொண்ட தொழிற்கல்வி. பழம், காய்கறி, மலர், நறுமணப் பயிர், மலைத்தோட்டப் பயிர், நில எழிலூட்டல், அறுவடைக்குப் பின்னான பாதுகாப்பு ஆகியன இதன் உடல். மண்ணியல், பூச்சியியல், பயிர்நோயியல், மரபியல், பொருளியல் ஆகியன இதன் எலும்பு. தமிழ்நாட்டில் இதற்குத் தலைமையிடம் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இக்கல்வியின் வித்து சென்னையிலேயே ஊன்றப்பட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளியே 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. வடசென்னைப் பிள்ளை இன்று ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டியிருப்பது அந்த இடப்பெயர்ச்சியின் விளைவு எனலாம்.

பட்டத்தின் தரத்தை அறியச் சுவரொட்டிகளைப் பார்ப்பதினும் பாடத்திட்டத்தைப் பார்ப்பதே நன்று. ஒவ்வொரு பாடத்தின் எதிரிலும் 2+1 என்பதுபோல் ஒரு குறியீடு காணப்படும். முன்னது வகுப்பறை அலகு. பின்னது செய்முறை அலகு. வகுப்பறை அலகு ஒன்றுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம். செய்முறை அலகு ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். ஆகவே 2+1 என்று எழுதியிருந்தால், தாளில் செய்முறை சிறுத்துத் தோன்றினும், மாணவர் வகுப்பில் அமரும் நேரமும் வயலில் நிற்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. இந்தச் செய்முறை மணிகள் மெய்யாகவே நடைபெறுகின்றனவா என்பதில்தான் பட்டத்தின் உயிர் இருக்கிறது. சொந்தமாகப் பழத்தோட்டமும் நாற்றங்காலும் இல்லாத கல்லூரியில் அம்மணிகள் எங்கே நடைபெறும்? பதியம் போடுதல், ஒட்டுக் கட்டுதல், கவாத்து செய்தல் ஆகியவற்றைக் கரும்பலகையில் கற்றவர் கத்தியைக் கையிலெடுத்ததும் தடுமாறுவார்.

சான்றாகச் சப்போட்டாவைக் கூறலாம். அதன் கன்றை நேரே விதையிலிருந்து வளர்த்தால் காய்க்க நெடுங்காலம் ஆகும். தாயின் குணமும் உறுதியில்லை. ஆகவே பாலை என்னும் மரத்தின் கன்றை வேர்ச்செடியாகக் கொண்டு அதன்மேல் ஒட்டுகின்றனர். (திணைப்பெயர் தந்த பாலையா இது என்று தமிழ் மாணவர்கள் வினவுவர், அவ்வாராய்ச்சியை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.) வேர்ச்செடிப் பட்டையும் ஒட்டுத்தண்டின் பட்டையும் ஒன்றோடொன்று பொருந்தி உயிர்ப்பசை இணைய வேண்டும். இதைப் பலமுறை செய்து, பலமுறை தோற்றுத்தான் கற்க முடியும். சப்போட்டா ஓரளவு உப்பைத் தாங்கும் மரம் என்பதும் கடலோரத்தார் கருதத்தக்கது.

உப்பு என்றதும் ஒரு செய்தி. நம் பகுதியில் மண் கெட்டுவிட்டால் ஜிப்சம் போடுங்கள் என்று எவரேனும் சொல்லிவிடுகிறார். உவர்நிலம் வேறு, களர்நிலம் வேறு. கரையும் உப்பு மிகுந்தது உவர். மண்ணின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்சுக்கு மேற்பட்டால் அவ்வாறு வகைப்படுத்துவது மரபு. அதற்கு வடிகால் அமைத்து நன்னீரால் உப்பைக் கழுவி இறக்க வேண்டும். சோடியம் மண் துகள்களைப் பற்றிக்கொண்டு நீர் இறங்காமல் இறுகிய நிலம் களர். ஜிப்சத்திற்கு அங்கேதான் வேலை. இவ்வேறுபாட்டைச் சோதித்தறியாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பணம் இழந்தோர் உண்டு. நான்காண்டுப் படிப்பு ஒருவருக்குத் தருவது இத்தகைய பிரித்தறியும் கண். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் மாடித் தோட்டம் போடும் நகரத்தாருக்கும் அக்கண் தேவைப்படுகிறது.

பெரியகுளத்தைப் பற்றியும் ஒரு சொல். தேனி மாவட்டத்தில் 1957இல் பழ ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய இடத்தில், 1990 முதல் தோட்டக்கலைக் கல்லூரி இயங்குகிறது. சந்தையில் நாம் வாங்கும் நீண்ட முருங்கைக்காயில் 'பி.கே.எம்.1' என்னும் செடிமுருங்கை வகை புகழ்பெற்றது. வெளிநாடுகளிலும் அதன் விதையைக் கேட்டு வாங்குகின்றனர். அந்த மூன்றெழுத்து பெரியகுளத்தைக் குறிப்பது. தானே ஒரு பயிர் வகையை உருவாக்கி உழவர் கைக்குச் சேர்த்த வளாகத்தில் பயில்வதற்கும், வாடகைக் கட்டடத்தில் பயில்வதற்கும் உள்ள தொலைவை விளக்க வேண்டுவதில்லை.

வேலைவாய்ப்புக்கு வருவோம். தமிழ்நாட்டில் தோட்டக்கலைக்கென்று தனித்துறை 1979 முதல் உள்ளது. அதன் தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தேர்வாணையம் கேட்பது இப்பட்டத்தை. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் எழுதலாம். ஆயினும் அரசுப் பதவிகள் சில, பட்டதாரிகள் பலர், அறிவிக்கை ஆண்டுதோறும் வருவதன்று. உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிக்கோ ஈராண்டுப் பட்டயமே அடிப்படைத் தகுதி. விரைவில் வருவாய் வேண்டும் குடும்பத்தார் அதனையும் எண்ணிப் பார்த்தல் நலம். சொந்தமாக நாற்றங்காலோ ஆலோசனை நிலையமோ தொடங்க விரும்பும் பட்டதாரிகளுக்கு 2002இல் நடுவணரசு வேளாண் மருந்தகத் திட்டத்தைத் தோற்றுவித்தது. பயிற்சிக்குப்பின் வங்கிக் கடனும் மானியமும் அதில் உண்டு. ஆனால் கடன் கடனே.

செலவைக் கணக்கிடுகையில் நம் ஊரார் பலர் அறியாத செய்தி ஒன்று உளது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. வேளாண்மை சார்ந்த படிப்புகளும் அதில் அடங்கும். அவ்வழி இடம்பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. அம்மாணவி முகத்துவாரத்தை அடுத்த அரசுப் பள்ளியில் பயின்றவள். தந்தையார் இதைக் கேட்டபின்தான் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார்.

தமிழ்த்துறை மலரில் எழுதுவதால் இதனையும் சொல்லியாக வேண்டும். 2021-22ஆம் கல்வியாண்டில் தோட்டக்கலைப் பட்டத்தைத் தமிழ்வழியிலும் கோவையில் தொடங்கினர். நாற்று, பாத்தி, பதியம், ஒட்டு, மூடாக்கு என உழவர் நாவில் வழங்கும் சொற்கள் இருக்கும் துறை இது. பாடநூலுக்குச் சொல் தேடி அலைய வேண்டிய நிலை பிற துறைகளைவிடக் குறைவு. ஆனால் மேற்படிப்பும் ஆய்விதழ்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ்வழி பயில்வோர் ஆங்கிலக் கலைச்சொற்களையும் உடன் கற்றுச் செல்வதே தக்கது என்பது நம் கருத்து. இதில் நம் துறை நண்பர்கள் சிலர் மாறுபடுவர்.

மீனவர் மகள் மீன்வளம் பயிலலாகாதா, அக்கல்லூரி பொன்னேரியிலேயே இருக்கிறதே என்று நாம் கேட்டோம். அவள் விடை சுருக்கமானது: "மீன் எனக்குத் தெரியும் சார். கழியோரத்து மரம்தான் ஏன் செத்துப்போச்சின்னு தெரியல." அலையாத்தி வளர்ப்பு தோட்டக்கலையின் நடுப்பாடமன்று, வனவியலுக்கு நெருங்கியது என்பதை அவளுக்கு எடுத்துரைத்தோம். எனினும் நாற்றங்கால் நுட்பமும் உவர்மண் அறிவும் இரண்டுக்கும் பொது.

அன்று மாலையே விண்ணப்பத்தை நிரப்ப அமர்ந்தோம். விருப்ப வரிசையில் கோவையை முதலிலும் பெரியகுளத்தை அடுத்தும் திருச்சி மகளிர் தோட்டக்கலைக் கல்லூரியை மூன்றாவதாகவும் அவளே தெரிவு செய்தாள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தர ஏற்பு உண்டா என்று கேட்டதற்கு விடை தராத தனியார் கல்லூரி ஒன்றைத் தரகர் ஒருவர் தந்தையாரிடம் புகழ்ந்திருந்தார். முன்பணத்துக்காக அவர் படகை விற்கவும் எண்ணியிருந்தாராம். அத்தரகர் கொடுத்த துண்டுத்தாளை அவர் மடித்து நம் மேசைமீதே வைத்துவிட்டுப் புறப்பட்டார்.