சாகாதவன் காதலித்தால் விலை கொடுப்பது யார்?

அமாண்டாவின் உள்ளங்கை தீய்ந்துகொண்டிருக்கிறது. அவள் பிடித்திருப்பது ஒரு பதக்கம். அதற்குள் அவள் காதலனின் ஆன்மா அடைபட்டிருக்கிறது. அவன் இதயம் நின்றுபோகும் நொடியில், அவன் உடம்பில் உள்ள வில் அம்பு முத்திரையின் மேல் பதக்கத்தை வைத்து, ஆன்மா முழுவதும் உள்ளே இறங்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பதக்கமோ தணலாய்ச் சுடுகிறது. வலி தாங்காமல் கீழே போட்டுவிட்டால் அவனுக்கு உயிரும் இல்லை, சாவும் இல்லை. உடம்பற்ற நிழலாக, பசியோடும் தாகத்தோடும் காலமெல்லாம் அலைய வேண்டியதுதான். அமாண்டா கையை எடுக்கவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்ரிலின் கென்யன் 2002இல் வெளியிட்ட 'நைட் ப்ளெஷர்ஸ்' நாவலின் உச்சக் காட்சி இது. அமாண்டா இளவரசி அல்ல. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவள். அவள் குடும்பத்தில் குறி சொல்கிறவர்கள் உண்டு, ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடுகிற கூடப்பிறந்தவளும் உண்டு. அவளுக்கு மட்டும் ஊர் உலகத்தைப் போன்ற ஒரு வாழ்க்கை போதும். வங்கியில் பேரேட்டோடும் வட்டிக் கணக்கோடும் காலம் கழித்த எனக்கு அவளைப் பிடித்துப்போக வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

இந்த வகை நாவல்களுக்கு 'பாராநார்மல் ரொமான்ஸ்' என்று பெயர். அமானுஷ்யக் காதல் கதைகள். அவற்றில் ஒரு பெரிய கிளை, சாவில்லாத போர்வீரனுக்கும் அவனுக்கென்றே விதிக்கப்பட்ட மனிதப் பெண்ணுக்கும் நடக்கும் காதல். பெரும்பாலும் தொடர் நாவல்கள். வீரர்கள் ஒரு கூட்டமாக இருப்பார்கள், புத்தகத்துக்கு ஒருவனாக அவனவன் துணையைக் கண்டடைவான், முந்தைய புத்தகத்து ஜோடி அடுத்ததில் ஓரமாக வந்துபோகும். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளில்தான் நான் இவற்றை வாங்கிச் சேர்த்தேன். அட்டையில் எப்போதும் சட்டை போடாத ஆண்பிள்ளை நிற்பான் என்பதால் காலண்டர் தாளில் அட்டை போட்டுத்தான் மின்சார ரயிலில் படிப்பேன்.

ஒருநாள் மகளிர் பெட்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அலுவலகத்தில் எனக்கு இளையவளான ஒரு பெண் கதையைக் கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா, அவனுக்குத்தான் சாவே கிடையாதே. அப்புறம் கதையில பயப்படறதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

இந்த நாவல்கள் எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவனுக்குச் சாவு இல்லை. அவளுக்கு உண்டு. அவன் முப்பது வயதுத் தோற்றத்தில் நிற்பான். அவளுக்கு நரைக்கும், மூட்டு வலிக்கும், ஒருநாள் போய்விடுவாள். பயம் முழுவதும் அவள் உடம்பில் குடியிருக்கிறது.

1986இல் வந்த 'ஹைலாண்டர்' படம் இந்தப் பயத்தை நேராகப் பார்த்தது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் கானர் மெக்லவுட் என்ற வீரன் போரில் குத்துப்பட்டும் சாகாமல் எழுந்துவிடுகிறான். ஊர் அவனைப் பேய் பிடித்தவன் என்று துரத்துகிறது. ஹெதர் என்ற பெண்ணோடு மலையடிவாரத்தில் குடித்தனம் நடத்துகிறான். அவனுக்கு வாள் பழக்க வரும் ராமிரெஸ், ஷான் கானரி நடித்த பாத்திரம், தானும் இப்படி ஒரு மனைவியைப் பறிகொடுத்தவன். "அவளை விட்டுப் போய்விடு" என்று மன்றாடுகிறான். கானர் போகவில்லை. ஹெதர் அவன் கண்ணெதிரே கிழவியாகி, இளமை மாறாத அவன் கைகளில் சாகிறாள். நான்கைந்து நிமிடத்தில் ஒரு முழு ஆயுள் ஓடி முடிகிற அந்தப் பகுதிக்காகவே படத்தை இன்றும் பார்க்கலாம்.

ஆனால் 'ஹைலாண்டர்' வாள்சண்டைப் படம். அதற்கு ஹெதரைச் சாகவிட உரிமை இருந்தது. அமெரிக்கக் காதல் நாவலுக்கு அந்த உரிமை கிடையாது. காதல் கதையின் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு மனம் நிறைவதாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அந்தத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதிகள். இரண்டையும் கடைப்பிடித்துக்கொண்டு, சாகிறவளையும் சாகாதவனையும் எப்படிச் சேர்த்து வைப்பது? எங்கேயோ யாரோ ஏதோ ஒன்றை இழந்தாக வேண்டும். எழுத்தாளரின் நெஞ்சுரம் எனக்குத் தெரியவருவது அந்த இடத்தில்தான்.

அமானுஷ்யக் காதல் கதைகளின் அலையை எழுப்பியவர்களில் முன்னோடி கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டீன் ஃபீஹன். 1999இல் அவருடைய 'டார்க் பிரின்ஸ்' வந்தது. கார்பேத்திய மலைகளில் ஒரு பழங்குலம். அதன் ஆண்களுக்கு ஏறக்குறைய இருநூறு வயதில் உணர்ச்சிகள் வற்றிப்போகும், கண்ணுக்கு நிறங்களும் தெரியாமல் போகும். உலகம் சாம்பல் நிறமாகிவிடும். துணை கிடைக்காவிட்டால் ஒன்று தானாகவே சூரிய ஒளியில் போய் நின்று சாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக்காட்டேரியாக மாற வேண்டும். விதிக்கப்பட்டவளின் குரல் காதில் விழுந்தால் நிறங்கள் திரும்பி வரும். நூற்றாண்டுகளாகச் சாம்பலையே பார்த்தவனுக்குச் சட்டென்று ஒரு சிவப்பு தெரிகிறது! தனிமையை இவ்வளவு கண்கூடாகச் சொன்ன கற்பனைகள் குறைவு. அந்த ஒரு யோசனைக்காக ஃபீஹனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

விலை விஷயத்தில்தான் அவரோடு எனக்குச் சண்டை. நாயகன் மிகைல், ரேவன் என்ற மனிதப் பெண்ணைத் தன் குலத்தவளாக மாற்ற வேண்டும். அதற்கு மூன்று முறை ரத்தம் மாற வேண்டும். அவளுக்கு முழுதாகத் தெரிவிக்காமலே அவன் அதைத் தொடங்கிவிடுகிறான். விதி இருக்கிறதே, அவளைக் கேட்பானேன் என்ற தோரணை. ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணை எதற்குக் கேட்க வேண்டும் என்று தீர்மானித்த பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதே வேகம். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சில வாரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன்.

கென்யன் வேறு வழியில் போகிறார். அவருடைய வீரர்கள் பெரிய துரோகத்துக்குப் பலியானவர்கள். சாகும்போது அவர்கள் ஆன்மா போடும் கூக்குரல் கிரேக்க வேட்டைத் தேவதை ஆர்ட்டெமிஸுக்குக் கேட்கும். பழிவாங்க ஒரே ஒரு நாள் தருவாள். ஈடாக ஆன்மா அவளிடம் போய்விடும், அன்றுமுதல் அவளுக்கு முடிவில்லாத ஊழியம். அமாண்டாவின் காதலன் கிரியன், திரேஸ் நாட்டு இளவரசன். ரோமாபுரியை எதிர்த்துப் போரிட்ட தளபதி. மனைவியே காட்டிக்கொடுத்துச் சிலுவையில் செத்தவன். எதிரி ஒருவன் கிரியனையும், ஆள் மாறாட்டத்தில் அமாண்டாவையும் ஒரே கைவிலங்கில் பூட்டிப் போடுவதில் கதை தொடங்குகிறது. முடிவில் ஆன்மா திரும்பியதும் அவன் சாதாரண மனிதனாகிவிடுகிறான். அவளை மேலே தூக்கவில்லை, அவன் கீழே இறங்கி வருகிறான். இனி அவனுக்கும் நரைக்கும். அவளுக்கோ உள்ளங்கையில் தழும்பு நிற்கிறது. இரண்டு பக்கமும் பற்று விழுந்த கணக்கு இது.

என் மனத்தில் ஆழமாகத் தைத்தவள் மேரி லூஸ். ஜே.ஆர். வார்டின் 'பிளாக் டாகர் பிரதர்ஹுட்' தொடரில், 2006இல் வந்த இரண்டாம் நாவலான 'லவர் எடர்ன'லின் நாயகி. வார்ட் வழக்கறிஞர் பட்டம் பெற்றவர். எழுத வருவதற்கு முன் மருத்துவமனை நிர்வாகத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். அந்த அனுபவம் பக்கங்களில் தெரிகிறது. மேரிக்கு ரத்தப் புற்றுநோய். ஒருமுறை பிழைத்து எழுந்தவள், அது திரும்பி வந்துவிட்டது என்று அறிகிறாள். இன்னொரு முறை அந்தச் சிகிச்சைக்குள் போவதைப் பற்றிய அவள் சோர்வில் எந்த அலங்காரமும் இல்லை.

அவளைக் காதலிக்கும் ரேஜ் ரத்தக்காட்டேரிக் குலத்துப் போர்வீரன். வார்டின் உலகில் இவர்கள் அறவே சாகாதவர்கள் அல்ல, பல நூறாண்டு வாழ்கிறவர்கள். ரேஜுக்கு ஒரு சாபம் உண்டு. உடம்புக்குள் ஒரு கொடிய மிருகம் குடியிருக்கிறது. கட்டு மீறினால் எதிரில் இருப்பவர் யாரானாலும் தின்றுவிடும். தண்டனைக் காலம் முடிந்தால் சாபம் நீங்கும், அந்த நாளுக்காகவே அவன் காத்திருக்கிறான். மிருகம் வந்துபோன பிறகு சிறிது நேரம் கண் தெரியாது. அப்படிப் பார்வையற்றுத் தடுமாறும் வேளையில்தான் மேரியின் குரலை முதலில் கேட்கிறான். பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறான். தன்னை அழகில்லாதவள் என்று நினைத்திருந்த, நோயில் மெலிந்த ஒரு பெண்ணை ஒருவன் பார்க்காமலே விரும்புகிறான். வார்ட் இதை எங்கும் விளக்கிச் சொல்வதில்லை.

மேரியைக் காப்பாற்ற ரேஜ் தன் குலத்தின் தெய்வமான ஸ்க்ரைப் வர்ஜினிடம் போய் மண்டியிடுகிறான். எந்த வரத்துக்கும் ஈடு வேண்டும் என்பது அவள் சட்டம். ஆயுள் முழுவதும் மிருகம் உன்னிடமே இருக்கட்டும், மேரி பிழைப்பாள், ஆனால் அவளை நீ இனிப் பார்க்கக்கூடாது என்கிறாள். அவன் ஒப்புக்கொள்கிறான். பிறகு அந்தத் தெய்வத்துக்கு இன்னொன்று தெரியவருகிறது. பழைய சிகிச்சையால் மேரிக்குக் குழந்தை பிறக்காது. அவள் ஏற்கெனவே பெரிய இழப்பைச் சுமந்திருக்கிறாள், தராசு சமம்தான் என்று தீர்ப்பளித்து இருவரையும் சேர்த்துவிடுகிறாள். மேரி நோயிலிருந்தும் முதுமையிலிருந்தும் விடுபட்டு, தான் விரும்பும்வரை இருப்பாள்.

அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். ஒரு பெண் தன் உடம்பில் பட்ட பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தெய்வத்தை நான் அதுவரை எந்தக் காதல் நாவலிலும் பார்த்ததில்லை. வார்ட் குழந்தையின்மையைக் குறையாக எழுதாமல், ஏற்கெனவே செலுத்தியாகிவிட்ட தொகையாக எழுதியிருக்கிறார்.

இந்தக் கதைகளின் இன்றைய பேரரசி சாரா ஜே. மாஸ். 2016இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி'யில் ஃபேரா மனுஷியாகப் பிறந்தவள். முந்தைய புத்தகத்தின் முடிவில் செத்து, ஏழு பிரபுக்கள் ஆளுக்கொரு துளி சக்தி கொடுத்து எழுப்பியதில் சாவற்ற குலத்தில் சேர்ந்தவள். அவளுக்கு விதிக்கப்பட்டவன் ரைசாண்ட், ஐந்நூறு வயது கடந்த போர்வீரன். அந்த உலகில் விதி மட்டும் போதாது. பெண் தன் கையால் ஆணுக்கு உணவு கொடுத்தால்தான் உறவை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். விஷயம் தெரிந்தும் தன்னிடம் மறைத்துவிட்டான் என்று ஃபேரா கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். அவன் வந்து தன் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு கிண்ணம் சூப்பை அவன் பக்கம் நகர்த்துகிறாள்.

இதைப் படிக்கும் தமிழருக்குத் தினைப்புனம் நினைவுக்கு வராமல் இருக்குமா? கந்தபுராணத்தில் வள்ளி முற்பிறவியிலேயே முருகனை மணக்கத் தவம் செய்தவள். சூரனை வென்ற தேவசேனாபதிக்கு என்றே விதிக்கப்பட்டவள். ஆனாலும் அவன் வந்ததும் வாரிக்கொண்டு போக முடிவதில்லை. வேடனாக வந்து பேச்சுக் கொடுத்து, நம்பிராஜனைக் கண்டதும் வேங்கை மரமாக நின்று, கடைசியில் கிழவனாக வந்து பசிக்கிறது என்று கை நீட்டுகிறான். அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். சாகாத வீரன் பசித்தவனாக வந்து ஒரு பெண்ணின் கையிலிருந்து வாங்கித் தின்னும் காட்சி நம்மிடம் எத்தனையோ காலமாக இருக்கிறது. மாஸ் இதைப் படித்திருக்க வேண்டியதில்லை. விதியை நம்புகிற கதைசொல்லி பெண்ணின் மனத்தையும் மதித்தால் இப்படி ஓர் இடத்துக்கு வந்துதான் சேர வேண்டியிருக்கும் போல.

கொரியாவிலிருந்து வந்த 'காப்ளின்' தொடரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2016 டிசம்பரில் தொடங்கி மறு ஜனவரியில் முடிந்த, கிம் யூன் சூக் எழுதிய 16 பகுதிகள். முடிவையும் சொல்லப் போகிறேன், பார்க்க நினைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கோங் யூ நடித்த கிம் ஷின், கொரியோ அரசின் தளபதி. பொறாமை பிடித்த இளம் அரசனால் கொல்லப்பட்டு, மார்பில் குத்திய வாளோடு சாவில்லாமல் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அலைகிறான். அந்த வாள் அவனுக்கு விதிக்கப்பட்ட மணமகளின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அவள் உருவினால் அவன் இல்லாமல் போவான். அவனுக்கு விடுதலை தரவென்றே பிறந்தவளை அவன் காதலித்துவிடுகிறான். எத்தனையோ திருப்பங்களுக்குப் பிறகு திருமணம் நடக்கிறது. ஆனால் சின்னக் குழந்தைகள் இருந்த வண்டியைக் காப்பாற்றப்போய் மணமகள் ஜி யூன் தாக் உயிரை விடுகிறாள். செத்தவர்கள் பிறவியை மறக்க ஒரு தேநீர் தரப்படும். அவள் குடிக்க மறுக்கிறாள். மறுபிறவியில் கனடாவின் கியூபெக் நகரத்துக்கு வந்து அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் அவளைச் சாகாதவளாக்கித் தீர்த்த சிக்கலைக் கொரியர்கள் மறுபிறவியில் தீர்க்கிறார்கள். பிறவிதோறும் அவளை இழக்கும் வலி அவனுக்கு. நினைவோடு திரும்பும் பாரம் அவளுக்கு.

படிக்கத் தொடங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: வார்ட், கென்யன், ஃபீஹன், மாஸ் எல்லாருமே படுக்கையறையையும் வன்முறையையும் திறந்து எழுதுகிறவர்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் கையில் அகப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். வார்டின் முதல் நாவலான 2005இன் 'டார்க் லவர்' உலகத்தை அறிமுகம் செய்வதிலேயே பாதி மூச்சைச் செலவழிக்கிறது. பொறுமை குறைந்தால் நேராக 'லவர் எடர்ன'லுக்குப் போகலாம், கதை புரியும். அடுத்து 'நைட் ப்ளெஷர்ஸ்'. ஃபீஹனை மூன்றாவதாக வைத்துக்கொண்டு, அந்த நிறங்கள் திரும்பும் இடத்தை ரசியுங்கள், ரேவனுக்காகக் கோபப்படவும் செய்யுங்கள்.