சட்டைக் கையில் ஏறும் சின்னங்கள்

திருப்பூணித்துறையில் குடியேறிய தமிழ்த் தொழிலாளி வீட்டில், பிள்ளை சாரணர் படையில் சேரக் கேட்டால் தகப்பனார் தயங்குவது இயல்பு. படிப்புக் கெடுமோ என்ற கவலை. சீருடைக்கும் காசு வேண்டும்.

ஆனால் கேரளத்தில் ராஜ்ய புரஸ்கார் பெற்ற சாரணருக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் கிரேஸ் மார்க் உண்டு. கோவிட் காரணமாக 2021-இல் நிறுத்தப்பட்டது, 2023-இல் திரும்ப வந்தது. அதை மட்டும் நம்பிச் சேர்ப்பது சரியல்ல.

பிரவேசம், பிறகு மூன்று சோபானங்கள், அப்புறம்தான் ராஜ்ய புரஸ்கார். படிக்குப் படி சில மாதங்கள் கழிய வேண்டும். பத்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் நடக்காது. ஆறாம் வகுப்பிலேயே சேர்க்க வேண்டும். முடிச்சு, முதலுதவி, சமையல் எல்லாம் கற்க வேண்டும். நீச்சல், சைக்கிள் போன்றவற்றுக்குத் தனிச் சின்னங்கள்; தேர்வில் தேறினால்தான் சட்டைக் கையில் ஏறும்.

1907-இல் முதல் முகாம் நடத்திய பேடன் பவலின் இயக்கத்தில், பழைய சின்னங்களில் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒன்று இருந்தது. வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமும் பேசும் நம் பிள்ளைக்கு அது பாதி கைவந்த பாடம்!

1950-இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்துக்கு நாடெங்கும் இதே படிகள்தான். வேலை மாறி ஊர் திரும்புவோர் தேர்ச்சிச் சான்றுகளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, புதிய பள்ளியில் சாரணர் படை இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.